சசெக்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளில் காலாற நடக்க...

இங்கிலாந்தின் தென்கரையில், ஈஸ்ட்போர்ன் நகரத்துக்குச் சற்று மேற்கே, கக்மியர் என்ற சிற்றாற்றின் ஓரமாக ஆல்ஃபிரிஸ்டன் என்றொரு கிராமம். சுற்றிலும் சவுத் டவுன்ஸ் குன்றுகள். 'டவுன்' என்றதும் இறக்கம் என்று நினைத்து ஏமாந்தவள் நான். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குன்று என்றுதான் பொருள். மகள் அந்தப் பக்கம் குடியிருப்பதால் மூன்று முறை போய்த் தங்கி, வெயிலிலும் மழையிலும் அங்கே நடந்திருக்கிறேன். ஒருமுறை விழுந்தும் இருக்கிறேன். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோருக்கும், விடுமுறைக்குப் போகிறவர்களுக்கும் உதவட்டும் என்று, பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். புல்லை ஒரு சாண் தோண்டினால் போதும், அடியில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. சாக்பீஸ் மாதிரி மிருதுவான கல். சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கண்ணுக்குத் தெரியாத கடல்பாசிகளின் ஓட்டுத் துகள்கள் கடலடியில் படிந்து படிந்து உண்டானது. நம் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைகளுக்கு வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அதே கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் விட்டுப் போனதுதான். இந்தக் கல் மழையைக் குடித்துக் கீழே இறக்கிவிடும். அதனால் குன்றின் மேலே ஓடையோ ஊற்றோ கிடையாது. நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். கடல் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து விழும். வீட்டுக்கு வந்தால் கெட்டிலில் படியும். இனி நான் சொல்லப்போகிற குறிப்புகளில் பாதி இந்த ஒரே காரணத்திலிருந்து வருபவை.

2. காகித வரைபடம் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற அரசு நில அளவை நிறுவனத்தின் 'எக்ஸ்ப்ளோரர்' வரிசையில் ஓ.எல். 25 என்ற எண்ணுள்ள படம் இந்த வட்டாரத்துக்கு உரியது. படத்தில் 4 சென்டிமீட்டர் என்றால் தரையில் 1 கிலோமீட்டர். பச்சைப் புள்ளிக்கோடுகள் எல்லாம் பொதுமக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகள். குட்டிக் கோடுகள் நடப்பவர்களுக்கு, நீளக் கோடுகள் குதிரைகளுக்கும் சேர்த்து. காப்பிக் கலரில் வளைந்து வளைந்து போகிற உயரக் கோடுகள் எங்கே நெருங்கி நிற்கின்றனவோ அங்கே மூச்சு வாங்கும். செல்போனில் படம் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். குளிரில் பேட்டரி மளமளவென்று இறங்கும்போது காகிதத்தின் அருமை தெரியும்.

3. கம்பங்களில் அடித்திருக்கும் அம்புகளின் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் என்றால் குதிரைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் வருவார்கள், ஓரமாகப் போங்கள். சிவப்பு அம்புள்ள வழியில் மோட்டார் வண்டிகூட வரலாம். ஓக் மரக் கொட்டையின் படம் போட்டிருந்தால் அது தேசிய நெடுநடைப் பாதை. இங்கே 'சவுத் டவுன்ஸ் வே'. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர். ஒரு விஷயத்தில் ஜாக்கிரதை: ஆல்ஃபிரிஸ்டனுக்கு வந்ததும் இந்தப் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று உள்நாட்டுக் குன்றின் மேலாக, இன்னொன்று ஆற்றோரமாகப் போய்க் கடல் பாறைகளின் மேலாக. இரண்டிலும் அதே கொட்டைப் படம்தான். எது உங்கள் கிளை என்று புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

4. கோதுமை வயலின் நடுவே பாதை போனால் தயங்காதீர்கள். முதல் தடவை நான் வரப்பைத் தேடிக்கொண்டு கால் மணி நேரம் வயலோரமாக நின்றேன். பயிரை மிதித்து நடப்பதா என்று மனம் ஒப்பவில்லை. ஆனால் பதிவான பொதுப்பாதை என்றால், உழுத 14 நாட்களுக்குள் அந்தத் தடத்தை மீண்டும் சரிசெய்து தரவேண்டியது விவசாயியின் கடமை. வயலைக் குறுக்கே கடக்கும் நடைபாதைக்குக் குறைந்தது 1 மீட்டர் அகலம் விடவேண்டும் என்பதும் சட்டம். நீங்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த 1 மீட்டருக்குள் நடந்தால் அவருக்கும் நஷ்டமில்லை. பேசிக்கொண்டே நாலு பேர் வரிசையாகப் போவதுதான் தப்பு.

5. நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் இருக்கிறது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் சொன்னது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். ஆல்ஃபிரிஸ்டனிலிருந்து விண்டோவர் குன்றின் உச்சி 214 மீட்டர். கிட்டத்தட்ட 200 மீட்டர் ஏற்றம், அதாவது 20 நிமிடம் கூடுதல். ஆனால் நெய்ஸ்மித்துக்கு முழங்கால் வலி இல்லை. அறுபதைத் தாண்டியவர்கள் அவர் கணக்கை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். புகைப்படம் எடுக்கும் கணவர் கூட வந்தால் மூன்றால்.

6. பழக்கமில்லாதவர்கள் முதல் நாளே குன்றேற வேண்டாம். ஆல்ஃபிரிஸ்டன் தேவாலயத்துக்குப் பின்னால் ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். அதைத் தாண்டிக் கரையோரமாகத் தெற்கே லிட்லிங்டன் கிராமம் வரை போய், அங்குள்ள பாலத்தில் ஏறி எதிர்க்கரை வழியாகத் திரும்பிவிடலாம். முழுக்கச் சமதரை. எதிரே ஹை அண்ட் ஓவர் என்ற குன்றின் சரிவில் 1924-ல் வெட்டிய வெள்ளைக் குதிரை உருவம் தெரியும். புல்லைச் செதுக்கினால் சுண்ணாம்பு வெளியே தெரியும் அல்லவா, அவ்வளவுதான் வித்தை, கோலமாவே வேண்டாம்.

7. அடி தடித்த, கணுக்காலைப் பிடித்து நிற்கிற ஷூ கட்டாயம். சுண்ணாம்போடு கூடவே ஃபிளிண்ட் என்கிற சிக்கிமுக்கிக் கல் மண்ணெங்கும் சிதறிக் கிடக்கிறது. உடைந்த சோடா பாட்டில் மாதிரி விளிம்பு கூர். மெல்லிய கேன்வாஸ் ஷூவோடு போனால் மாலையில் உள்ளங்கால் பேசும். செருப்பு கூடவே கூடாது.

8. ஏறும்போது செங்குத்தான பக்கமாக ஏறுங்கள், இறங்கும்போது சாய்வான பக்கமாக இறங்குங்கள். சவுத் டவுன்ஸில் இதற்கு வழி இருக்கிறது. குன்றுகளின் வடக்கு முகம் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். தெற்கு முகம் கடலை நோக்கி மெல்லச் சரியும். வில்மிங்டன் கிராமத்திலிருந்து விண்டோவருக்கு ஏறி ஆல்ஃபிரிஸ்டன் பக்கம் இறங்கினால் முழங்கால் உங்களை வாழ்த்தும். நான் இதை மாற்றிச் செய்தேன், முந்தின இரவு பெய்த மழைக்கு மறுநாள்.

9. அந்த மறுநாளில் கற்ற பாடம் இது. ஈரச் சுண்ணாம்பில் இறங்க நேர்ந்தால் பளபளவென்று தேய்ந்த வெள்ளைத் தடத்தில் கால் வைக்காதீர்கள். பலர் நடந்து நடந்து மெழுகு போட்ட தரை மாதிரி ஆகியிருக்கும். பக்கத்துப் புல் விளிம்பில், பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். கைத்தடி ஒன்று போதாது, இரண்டு வேண்டும். விழுவோம் என்று தெரிந்துவிட்டால் கையை ஊன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவது மேல். மணிக்கட்டைவிட அந்த இடத்தில் சதை அதிகம்.

10. குடை வேண்டாம். உச்சியில் அடிக்கிற கடற்காற்று அதைத் தலைகீழாகப் பூவாக்கிவிடும். தொப்பியோடு கூடிய மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கீழே தெருவில் வெயில் காய்கிறதே என்று ஸ்வெட்டரை வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒரே தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய உடுப்புகள் நல்லது. ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போடலாம். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, கனக்கும், குளிரும். புடவைதான் கட்டுவேன் என்பவர்கள் ஆற்றோர நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குன்றின் மேல் அந்தக் காற்றோடு மல்லுக்கு நிற்க முடியாது. நான் சுடிதாருக்கு மாறியது அங்கேதான்.

11. தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். மேலே நிழலும் கிடையாது, குழாயும் கிடையாது. நடுவில் வட்டமாக ஒரு குட்டை தென்பட்டால் அது ஆடுகளுக்காக வெட்டியது. களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்து அடியில் பூசி, சுண்ணாம்பு உறிஞ்சாமல் தடுத்து வைத்த குட்டை. 'பனிக்குட்டை' என்று பெயர்; ஆனால் பெரும்பாலும் மழையில்தான் நிரம்புகிறது. பார்க்க அழகு. குடிக்க அல்ல.

12. கட்டுச்சோற்றுக்குப் புளியோதரைக்கு இணை வேறில்லை. எலுமிச்சைச் சாதமும் தாங்கும். தயிர்சாதத்தைக் கரண்டியோடு காற்றில் சாப்பிட்டுப் பாருங்கள், மடியெல்லாம் பருக்கை. ஃபிளாஸ்கில் சுக்குக்காப்பி கொண்டுபோனால் உச்சியில் அதன் மதிப்பே வேறு. வாழைப்பழத் தோலும் ஆரஞ்சுத் தோலும் மண்ணோடு மக்கிவிடும் என்று வீசாதீர்கள். குளிர் நாட்டில் அவை மக்க நெடுநாள் ஆகும். காலி டப்பாவிலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

13. வேலிகளைக் கடக்க விதவிதமான ஏற்பாடுகள். வேலிக்குக் குறுக்கே வைத்த மரப்படிக்கு 'ஸ்டைல்' என்று பெயர்; நம் வயதில் ஏறி இறங்கும்போது ஸ்டைல் ஒன்றும் இருக்காது. பையை முதலில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். 'கிஸ்ஸிங் கேட்' என்பது ஒருவர் மட்டும் நுழையக்கூடிய சின்னக் கூண்டுக் கதவு. பெயரைக் கேட்டு முகம் சிவக்க வேண்டாம். கதவு இரண்டு பக்கச் சட்டத்தையும் தொட்டுத் தொட்டு மீள்வதால் வந்த பெயர் என்கிறார்கள். பெரிய முதுகுப் பை இருந்தால் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நுழையுங்கள். இன்னொன்று, சசெக்ஸுக்கே உரிய டாப்செல் கதவு. ஓரத்தில் கீல் இல்லாமல் நடுவில் ஒரு கம்பத்தின் மேல் சுழலும். மொத்தமே ஆறுதான் மிச்சம். அதில் மூன்று இங்கிருந்து எட்டும் தூரத்தில் ஜெவிங்டன், ஃபிரிஸ்டன், ஈஸ்ட் டீன் தேவாலய வாசல்களில் இருக்கின்றன. எந்தக் கதவானாலும் ஒரே விதி: மூடியிருந்தால் மூடுங்கள், திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். திறந்து வைத்திருப்பது ஆடுகள் தண்ணீருக்குப் போகவும் இருக்கலாம்.

14. மாடு நமக்கு மகாலட்சுமிதான். அங்கே கிட்டே போய்த் தடவிக்கொடுக்காதீர்கள். கன்றோடு இருக்கும் பசு மந்தைக்கும் கன்றுக்கும் நடுவே நுழைந்தால் முட்டும். இளங்காளைகள் வேடிக்கை பார்க்கவே ஓடி வரும். நீங்கள் ஓடாமல், சத்தம் போடாமல், வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போய்விடுங்கள். கூட நாய் இருந்து மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். அது தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பிப்பீர்கள். ஆடு மேயும் இடத்தில் மட்டும் நாயை அவிழ்த்துவிடவே கூடாது. ஆட்டை நாய் துரத்தினால் உரிமையாளரைத் தண்டிக்க 1953-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது.

15. நடையை நடுவில் நிறுத்தி, பழைய புல்வெளியில் ஒரு இடத்தில் உட்கார்ந்து கீழே பாருங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தூரத்துக் காட்சியைப் படமெடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். உழாத, உரமிடாத சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் 40 வகைச் செடிகள் வரை இருக்கும். காட்டுத் தைம், ஆர்க்கிட் வகைகள், ஜூலையில் சசெக்ஸின் பெருமை என்று அவர்கள் கொண்டாடும் நீலப் பந்துப்பூ. மண்ணில் சத்து குறைவு என்பதால்தான் எந்த ஒரு புல்லும் மற்றதை அமுக்கி வளர முடிவதில்லை. ஆடுகள் நூற்றாண்டுக் கணக்காக மேய்ந்து கட்டையாக வைத்தது இன்னொரு காரணம். சவுத்டவுன் என்ற குட்டையான ஆட்டினத்தை 18-ஆம் நூற்றாண்டில் மேம்படுத்திய ஜான் எல்மன் இந்தப் பக்கத்து கிளைண்ட் கிராமத்துக்காரர். முயல்களும் உதவின. 1953-ல் மிக்ஸோமடோசிஸ் என்ற நோய் பிரிட்டனுக்கு வந்து முயல்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது பல சரிவுகளில் முள்ளும் புதரும் ஏறிவிட்டன.

இன்னொரு வேடிக்கை: அடோனிஸ் புளூ என்ற நீல வண்ணத்துப்பூச்சி ஹார்ஸ்ஷூ வெட்ச் என்ற ஒரே செடியில்தான் முட்டையிடும். அதன் புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் காவல் காக்கும். மே கடைசியிலும் ஆகஸ்டிலும் பறக்கும். பூவைப் பறிக்காதீர்கள். நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் காட்டுச் செடியை வேரோடு பிடுங்குவது 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மகள் தோட்டத்துக்கு ஒரு கன்று என்று ஆசைப்படவே கூடாது.

16. கோடையில் பேன்ட்டின் நுனியை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். புல்லிலும் பெரணியிலும் உண்ணி இருக்கும். சிலவற்றில் லைம் நோய்க் கிருமி. வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, பிள்ளைகளின் தலைமுடி ஓரம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது என்ற நம் வீட்டு வைத்தியம் வேண்டாம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுத்து, கிருமிநாசினி போடுங்கள். கடித்த தேதியை எழுதி வையுங்கள். வழக்கமாக ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட, வட்டமாகப் படரும் தடிப்பு தோன்றலாம். தோன்றினால் அல்லது காய்ச்சல் மாதிரி இருந்தால் மருத்துவரிடம் உண்ணிக் கடியைச் சொல்லுங்கள். ஊருக்குத் திரும்பியபின் வந்தால் அவசியம் சொல்லவேண்டும். நம்மூர் மருத்துவருக்கு அந்த யோசனை எழாது.

17. பாம்புப் பயம் வேண்டாம், கவனம் போதும். பிரிட்டனில் விஷப்பாம்பு ஒரே இனம்தான்: ஆடர். முதுகில் வளைந்து வளைந்து கறுப்புக் கோடு. வெயில் காய்ந்துகொண்டிருந்தால் விலகிப் போய்விடுங்கள்.

18. நம் செந்தட்டி மாதிரி அரிக்கிற நெட்டில் செடி பாதையோரமெல்லாம் உண்டு. முழுக்கைச் சட்டை போதும். பக்கத்திலேயே வளரும் டாக் இலையைத் தேய்த்தால் அடங்கும் என்பது அவர்களின் பாட்டி வைத்தியம். எனக்கு அடங்கியது இலையாலா பேச்சாலா, சொல்ல முடியாது. ஆகஸ்ட் கடைசியில் வேலிகளில் பிளாக்பெர்ரி கறுத்துத் தொங்கும். தாராளமாகப் பறிக்கலாம். இடுப்புக்கு மேலே இருப்பதைப் பறியுங்கள்; கீழே நாய்கள் காலைத் தூக்கும் உயரம்.

19. 'லாங் மேன்' என்ற நெடுமனிதனை அவன் காலடியில் நின்று தேடாதீர்கள், தெரியமாட்டான். விண்டோவரின் வடக்குச் சரிவில் இரண்டு கையிலும் கோல் பிடித்து நிற்கும் 72 மீட்டர் உருவம் அது. வில்மிங்டன் கிராமத்துச் சாலையிலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். ஆதிகாலத்துத் தெய்வம், ரோமானியர் வேலை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2003-ல் தொல்லியலாளர்கள் சரிவில் மண்ணை ஆராய்ந்து, 16 அல்லது 17-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம் என்றார்கள். அந்த ஊர்த் தேவாலயத்து முற்றத்தில் முட்டுக்கொடுத்து நிற்கும் யூ மரத்துக்கு 1,600 வயது என்கிறார்கள். வயசாளிகள் கொஞ்சம் உட்கார அதைவிடப் பொருத்தமான இடமில்லை.

20. இது மிக முக்கியம். கடல் பக்கம் 'செவன் சிஸ்டர்ஸ்' வெள்ளைப் பாறைச் சுவர்களின் மேல் நடக்கும்போது விளிம்பிலிருந்து பல மீட்டர் தள்ளியே இருங்கள். பசும்புல் விளிம்பு வரை கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். அடியில் கடல் குடைந்து, நீங்கள் நிற்கும் புல்லுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். வேலியும் கிடையாது. இந்தக் கல் எப்படி உடைகிறது என்பதற்குச் சாட்சி, பீச்சி ஹெட் அருகே பெல் டவுட் என்ற பழைய கலங்கரை விளக்கம். விளிம்பு அதன் வாசலுக்கு வந்துவிட்டதால் 1999-ல் கட்டடத்தை அப்படியே தண்டவாளம் போன்ற உத்தரங்களின் மேல் 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். 162 மீட்டர் உயரமுள்ள பீச்சி ஹெட்டில், செல்ஃபிக்காகப் பின்னால் அடி வைக்கும் பிள்ளைகளைப் பார்த்து வாய்விட்டுக் கத்தியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள்தான். கத்தியதற்காக வருத்தமில்லை.

21. பாறைச் சுவரின் அடியில் கடற்கரையோரமாக நடந்து போய்விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கக்மியர் முகத்துவாரத்துக்கும் பெர்லிங் கேப் என்ற இடத்துப் படிக்கட்டுக்கும் நடுவே மேலேறத் தடமே இல்லை. கடல் ஏறினால் அகப்பட்டுக்கொள்வீர்கள்; மேலேயிருந்து கல்லும் விழும். கரையில் நிற்க ஆசையென்றால் எக்ஸீட் என்ற நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, முகத்துவாரம் வரை சமதரையில் நடந்து திரும்புங்கள். பாம்பு மாதிரி நெளியும் பழைய கக்மியர் வளைவுகளின் பக்கத்தில் போகும் வழி அது. 19-ஆம் நூற்றாண்டில் நேர்க் கால்வாய் வெட்டி ஆற்றைத் திருப்பிவிட்டதால், அந்த வளைவுகளில் இப்போது ஓட்டமில்லை. கூழாங்கல்லை மட்டும் பை நிறைய அள்ளாதீர்கள், அதற்கும் சட்டம் இருக்கிறது.

22. டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் இரவு ஒன்பது தாண்டியும் வெளிச்சம். குளிர்காலத்தில் பத்து மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள். கையில் டார்ச்.

23. ஆபத்தென்றால் 999. கடலோரமானால் 'கோஸ்ட்கார்ட்' என்று கேளுங்கள், மற்ற இடங்களில் போலீஸ். 'ஒரு குன்றின் மேலே இருக்கிறோம், கீழே ஆடு மேய்கிறது' என்று சொன்னால் அவர்களால் கண்டுபிடிக்க முடியாது. வரைபடத்தின் கட்ட எண்ணைப் படிக்கப் பழகுங்கள். இரண்டு எழுத்து, ஆறு எண். பள்ளத்தாக்கில் சிக்னல் அறுந்தால் கொஞ்சம் மேலேறி முயலுங்கள். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போவது இதையெல்லாம்விடச் சுலபம்.

24. சேற்றுக் காலோடு கிராமத்து உணவு விடுதிக்குள் நுழையாதீர்கள். வாசலிலேயே ஷூவைத் தட்டுங்கள், அல்லது மேலே பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். கொண்டுபோன புளியோதரையை அவர்கள் மேஜையில் வைத்துப் பிரிப்பதும் சரியில்லை. ஆல்ஃபிரிஸ்டன் தேவாலயத்துக்குப் பக்கத்துப் புல்தரையில் பிரியுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். சாப்பிட்டபின், அங்கேயே இருக்கும் கிளெர்ஜி ஹவுஸ் என்ற 14-ஆம் நூற்றாண்டு ஓலைக்கூரை வீட்டைப் பார்த்துவிடுங்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 1896-ல் முதன்முதலாக வாங்கிய கட்டடம். விலை 10 பவுண்டு. அதன் கூடத்துத் தரை இடித்த சுண்ணாம்பும் புளித்த பாலும் சேர்த்துக் கெட்டித்தது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த நம் பழைய கொத்தனார்கள் பார்த்திருந்தால் குனிந்து தடவிப் பார்த்திருப்பார்கள். நான் தடவிப் பார்த்தேன்.

25. காரில்லாதவர்கள் பெர்விக் ரயில் நிலையத்தில் இறங்கி வரலாம். கிராமம் அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர். பிரைட்டனுக்கும் ஈஸ்ட்போர்னுக்கும் நடுவே ஓடும் 12-ஆம் எண் பஸ் எக்ஸீட்டில் நிற்கும். கடைசி வண்டி எப்போது என்பதைப் போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறு.

26. வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சேற்றை ஈரத்தோடு துடைக்காதீர்கள். சுவருக்கு வெள்ளையடித்த மாதிரி பரவும். ஷூவையும் பேன்ட்டையும் முழுசாகக் காயவிட்டு, பிறகு பிரஷ்ஷால் தட்டினால் மாவாக உதிர்ந்துவிடும். துணியில் கறை நின்றுவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு கைப்பிடி வினிகர் விட்டு ஊறவைத்துத் துவையுங்கள். சுண்ணாம்பு புளிப்புக்குக் கரையும். தோல் ஷூவுக்கு வினிகர் வேண்டாம். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவைத்து மெழுகு தடவுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும்.

27. கடைசியாகச் சமையலறை. அந்த வட்டாரத்துக் குடிநீர் இதே குன்றுகளின் சுண்ணாம்புக்குள்ளிருந்து எடுப்பது, அதனால் கடினநீர். கெட்டிலின் அடியில் வெள்ளை ஓடு கட்டும். தேநீர் மேல் ஆடை மாதிரி ஒரு படலம் மிதக்கும். பாதி வினிகர், பாதித் தண்ணீர் விட்டு ஒரு மணி நேரம் வைத்து, அல்லது அரை மூடி எலுமிச்சையைப் போட்டுக் கொதிக்கவிட்டு, இரண்டு முறை அலசினால் கெட்டில் பளிச்சென்று ஆகும். பருப்பு வேகாததற்குக் குக்கரைக் குறைசொல்லாதீர்கள். கடினநீரில் துவரம்பருப்பும் கொண்டைக்கடலையும் அப்படித்தான் அடம்பிடிக்கும். வடிகட்டிய தண்ணீரில், ஒரு சிட்டிகை சமையல் சோடாவோடு ஊறவைத்தால் சரியாக வேகும். மறுநாள் குன்றேறும் திட்டமிருந்தால் முந்தின இரவே கடலையை ஊறப்போட்டுவிட்டுப் படுங்கள். களைத்துத் திரும்பும்போது அரை மணியில் சாப்பாடு ஆகிவிடும்.